கம்பிக்கு வெளியே பூஜ்யம்

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் காலை ஃபெர்ரியில் உட்கார இடம் தேடுகிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள். தினமும் போகிறவர்களுக்கு நிற்கும் இடம்தான் முக்கியம். ஸ்கூட்டர்களும் பைக்குகளும் ஏறி நின்றபின் மிச்சமிருக்கும் இடைவெளிகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. என்னுடையது இடதுபக்கம், என்ஜின் அறைச் சுவரையொட்டி. அங்கே காற்று புத்தகப் பக்கத்தைப் புரட்டாது. முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மின்காந்தவியல் பாடநூலை இரண்டு கையாலும் பிடித்துப் படிப்பேன். துறைமுகத்தைக் கடப்பதற்குள் ஒரு நிரூபணத்தை முழுதாக முடிக்க முடியாது. பாதியில் சாத்தம் வந்துவிடும். மீதி மாலையில், திரும்பி வரும்போது.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். மற்ற தாள்களெல்லாம் முடிந்திருந்தன. மின்காந்தவியல் ஒன்றுதான் பாக்கி. அதில் இரண்டு முறை தோற்றிருந்தேன். பதிவுக் காலம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வு இருந்தது. அதிலும் தோற்றால் தேறிய தாள்களும் செல்லாது. பணம் கட்டி, முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தொடங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆகவே இந்தத் தேர்வில் தேறுவது என்று முடிவு செய்திருந்தேன்.

நான் வேலை பார்த்தது போர்ட் பிளேரில் ஓர் ஆங்கில நாளிதழின் டெஸ்க்கில். நிருபர்கள் கொண்டுவரும் செய்தியை வெட்டி, சரிபார்த்து, தலைப்புப் போடுவது என் வேலை. பக்கங்கள் குறைந்தன. டெஸ்க்கில் ஆட்களும் குறைந்தார்கள். அடுத்து யார் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் கரையில் ஒரு பள்ளிக்கூடம், முதுநிலைப் பட்டத்தோடு வந்தால் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தது. பி.எஸ்ஸி. இயற்பியல் ஏற்கெனவே இருந்தது. இருபது வருடமாகப் பயன்படுத்தாத பட்டம்.

ஃபெர்ரியில் என் பக்கத்து இடம் ஒரு பெண்ணுடையது. கச்சால் தீவில் வளர்ந்தவள். அவளுடைய பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர்கள். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் கவுன்ட்டரில் வேலை பார்த்தாள். கையில் எப்போதும் போன் இருக்கும். மாயாபந்தரில் இருக்கும் தங்கையோடு ஜெட்டியிலிருந்து ஜெட்டி வரை பேசிக்கொண்டே வருவாள். சிக்னல் போனால் என்னோடு பேசுவாள்.

"எல்லா வீட்டுலயும் புள்ளைங்க படிக்கும், அம்மா பக்கத்துல நிக்கும். நீங்க உல்டா" என்றாள் ஒருநாள். "இதுல க்யா ஹை அக்கா, அப்படி என்னா இருக்கு? ரெண்டு தடவ உட்டுப்புட்டு மூணாவதுக்கும் அதே புத்தகம்."

நீ தங்கச்சியோடு பேசுவதே இந்தப் புத்தகத்தில் இருக்கும் நாலு சமன்பாட்டால்தான் என்று சொன்னேன். அவள் போனைப் பார்த்தாள்.

"அப்ப டவர் இல்லாத நாள்ல நாலும் லீவுல போயிருமா?"

பக்கத்தில் பைக்கில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவள் கேட்ட முதல் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. அதைப் படகுச் சத்தத்தில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

மின்சாரம் ஒரு சங்கதி, காந்தம் வேறொரு சங்கதி, வெளிச்சம் மூன்றாவது சங்கதி என்றுதான் மனிதர்கள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள், தனித்தனிக் கருவிகள். பிறகு ஒருவர் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றித் தெரிந்ததையெல்லாம் சில சமன்பாடுகளாகச் சேர்த்து எழுதினார். இன்று அவற்றை நான்காகச் சுருக்கி எழுதுகிறோம். மாறும் மின்புலம் காந்தப்புலத்தை எழுப்புகிறது, மாறும் காந்தப்புலம் மின்புலத்தை எழுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே வெற்றிடத்தில் ஓடுகின்றன. எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று கணக்குப் போட்டால், மேஜைமேல் கம்பிச்சுருளையும் உலோகத் தகடுகளையும் வைத்து அளந்த இரண்டே எண்கள் போதும். வரும் விடை ஒளியின் வேகம். அந்தக் கணக்கில் விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, சூரியன் இல்லை. வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வெளிச்சத்துக்கு வந்து சேர்கிறது. டெஸ்க்கில் நான் பார்த்த எந்தச் செய்தியிலும் இப்படி ஒரு கடைசிப் பத்தி இருந்ததில்லை. இதை முழுதாகப் புரிந்துகொள்ளாமல் விட எனக்கு மனம் இல்லை. பள்ளிக்கூட வேலை இரண்டாவது காரணம்.

நான் படித்த முறை டெஸ்க்கில் கற்றதுதான். ஒவ்வொரு சமன்பாட்டையும் ஒரு சிறிய செய்தியாக, தமிழில், எழுதுவேன். என்ன, எங்கே, எப்போது, எதனால். எழுதியதைச் சமையலறைச் சுவரில் ஒட்டுவேன். ஒரு செய்தியை எழுத முடியவில்லையென்றால் அது எனக்குப் புரியவில்லை என்று பொருள்.

முதல் செய்தி: மின்னூட்டம் இருக்கும் இடத்திலிருந்து மின்புலம் புறப்படுகிறது; மின்னூட்டம் இல்லாத இடத்திலிருந்து புறப்படுவதில்லை. இரண்டாவது: காந்தப்புலம் எங்கிருந்தும் புறப்படுவதில்லை, எங்கும் போய் முடிவதில்லை, காந்தத்தின் ஒரு முனையை மட்டும் யாரும் தனியாகப் பிடித்ததாக உறுதியான தகவல் இல்லை. மூன்றாவது: காந்தப்புலம் மாறும் இடத்தில் அதைச் சுற்றி மின்புலம் எழுகிறது, பவர் ஹவுஸ் இதை நம்பித்தான் ஓடுகிறது.

என் கணவர் பவர் ஹவுஸில் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து டீ டம்ளரோடு சுவர் முன் நின்று மூன்றையும் படித்தார்.

"டீசலை நம்பித்தான் ஓடுது. கப்பல் வரலேன்னா உன் மூணாவது நியூஸ் வாபஸ்."

அந்த அளவுக்குத்தான் அவருக்கு இதில் அக்கறை. ஜெனரேட்டர் ஓட வேண்டும், மீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். எதனால் என்று கேட்பது அவர் ஷிஃப்டில் இல்லை.

நான்காவது செய்தியில்தான் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். சுவரில் அது இப்படி இருந்தது: மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் வட்டமாகச் செல்கிறது. கம்பியருகே வலுவாக, தள்ளிப் போகப் போக வலுக் குறைந்து. எனவே கம்பியைச் சுற்றியுள்ள இடமெங்கும் கர்ல் உண்டு.

கர்ல் என்பது ஒரு புலம் ஒரு புள்ளியில் எவ்வளவு சுழற்றுகிறது என்று சொல்லும் கணக்கு. புலங்களைப் பற்றிப் பேசுவதற்கு வசதியாகக் கணிதத்தில் உருவான மொழியின் ஒரு வினைச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம். தேர்வில் கேட்பார்கள்: நீளமான நேர்க்கம்பிக்கு வெளியே காந்தப்புலத்தின் கர்ல் என்ன? நான் கணக்கைச் சரியாகவே போட்டேன். விடை பூஜ்யம் என்று வந்தது. முதல் தேர்வில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு எங்கோ கழித்தல் குறியைத் தவறவிட்டேன் என்று நினைத்து அடித்தேன். கம்பியைச் சுற்றி வட்டமாக ஓடுகிற ஒன்றுக்குச் சுழற்சி எப்படிப் பூஜ்யமாகும்? பக்கத்தின் அடியில், கண்ணுக்குச் சரியென்று பட்ட விடையை எழுதினேன். அதைச் சார்ந்த அடுத்த கேள்விகளும் போயின. இரண்டாவது தேர்விலும் அதையே செய்தேன். இரண்டு முறையும் கணக்கு சரி. அடித்தவள் நான்.

கண்ணால் பார்த்ததை நம்பு, கேட்டதைச் சரிபார் என்பது டெஸ்க் பழக்கம். அது எனக்கு இருபது வருடம் உதவியிருந்தது. இங்கே அதுவே காலை வாரியது.

மூன்றாவது தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது கணவரிடம் கேட்டேன். ஒரு பொருளைச் சுற்றி ஏதாவது வட்டமாக ஓடினால் அது சுழல்கிறதா இல்லையா?

"சுத்துதுன்னா சுத்துதுதான். இதுல என்ன பரீட்சை?"

பாடநூலில் ஒரு வரி இருந்தது. ஓடும் நீரில் சின்னத் துடுப்புச் சக்கரம் ஒன்றை மிதக்க விட்டால், அது தன் அச்சில் திரும்பினால் அங்கே கர்ல் உண்டு, திரும்பாவிட்டால் இல்லை. பல தடவை படித்துக் கடந்த வரி. நீரும் காந்தப்புலமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் போடும் கணக்கு ஒன்றே. புலங்களின் கணிதத்துக்கு அந்த வசதி உண்டு. நடுவில் ஓட்டை வழியே வடியும் நீரும், ஓட்டையிலிருந்து தள்ளிப்போகும் அளவுக்கு வேகம் குறைந்து, ஏறக்குறைய அந்தக் காந்தப்புலத்தைப் போலவே சுற்றுகிறது. வாசித்துப் பயனில்லை, பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டுப் பின்புறம் அடியில் ஓட்டை விழுந்த அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று இருந்தது. அதில் புதினா வளர்ந்துகொண்டிருந்தது. புதினாவைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டேன். டப்பைக் கழுவி, நான்கு செங்கல்மேல் ஏற்றி, ஓட்டைக்குச் சரியாக ஒரு கட்டை சீவி அடைத்தேன். கீழே ஒரு வாளி. மீன் பெட்டித் தெர்மோகோலில் ஒரு துண்டு கிள்ளி, அதில் இரண்டு ஈர்க்குச்சிகளைக் குறுக்குநெடுக்காகக் குத்தினேன். ஒரு முனையில் மட்டும் சிவப்பு நகப்பூச்சு. பிறகு டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற ஆரம்பித்தேன்.

கோடையில் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் தினமும் வராது. கணவர் வெளியே வந்து பார்த்தார்.

"இன்னைக்குப் பானி வர்ற நாள் இல்ல."

வாளியில்தான் விழும், திரும்ப டிரம்முக்குத்தான் போகும் என்றேன்.

"டிரம்முல இருந்து டப்புக்கு, டப்புல இருந்து வாளிக்கு, வாளியில இருந்து டிரம்முக்கு. அச்சா. எங்க பவர் ஹவுஸ்ல இதுக்குத் தனியா ஆள் போட்டிருக்கான்."

முதல் முறை தண்ணீரைக் கையால் வேகமாகக் கலக்கிவிட்டு உடனே கட்டையைப் பிடுங்கினேன். ஈர்க்குச்சிச் சிலுவை ஓட்டையைச் சுற்றிப் போனது. போகும்போதே தானும் திரும்பியது. சிவப்பு முனை ஒரு சுற்றுக்குள் நாலு பக்கமும் பார்த்துவிட்டது. கணவர் புருவத்தைத் தூக்கினார். ஆனால் கலக்கிய கையும் இந்தச் சோதனையில் கலந்திருக்கிறது என்பது தெரிந்தது. மொத்தத் தண்ணீரையும் ஒரு தட்டு போலச் சுழற்றிவிட்டிருந்தேன். தட்டு சுழன்றால் அதன்மேல் இருப்பதும் திரும்பத்தான் செய்யும். நிருபரே கூட்டத்தைத் தூண்டிவிட்டுவிட்டு அதைச் செய்தியாக்குவதற்குச் சமம் அது.

மறுபடி ஊற்றினோம். இந்த முறை வாளியை அவர் தூக்கினார். தண்ணீரை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மேற்பரப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். கட்டையை எடுத்தேன். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவில் ஒரு குழி விழுந்தது. சிலுவையை ஓரத்துக்கும் குழிக்கும் இடையில் விட்டேன்.

அது குழியைச் சுற்றிப் போனது. சிவப்பு முனை சமையலறைக் கதவைப் பார்த்திருந்தது. சிலுவை டிரம் பக்கம் போனது. முனை கதவைப் பார்த்தது. வேலிப் பக்கம் போனது. அப்போதும் கதவைத்தான் பார்த்தது, கொஞ்சம் தள்ளாடியபடி. முழு வட்டம் சுற்றி வந்தும் அது திரும்பவில்லை. அடுத்த வட்டத்திலும் அப்படியே. பிறகு குழிக்குள் இழுபட்டது. அங்கே போனதும் பம்பரம்போலச் சுழன்று ஓட்டையில் சிக்கி நின்றது.

கணவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அது ஊரைச் சுத்துது. தான் சுத்தல."

இன்னொரு தரம் போடு என்றார். ஐந்தாறு தடவை போட்டோம். எல்லா முறையும் அவ்வளவு சுத்தமாக வரவில்லை. இரண்டு முறை சிலுவை பாதியில் திரும்பிவிட்டது. பிளாஸ்டிக் டப் நேர்க்கம்பி அல்ல, நிரூபணமும் அல்ல. நிரூபணம் என் கணக்கில் முன்பே இருந்தது. அதை நம்புவதற்கு எது தடையாக நின்றதோ அதைத்தான் டப் எடுத்துப் போட்டது.

ஏன் திரும்பவில்லை என்பது அன்று மாலையே புரிந்தது. பாதை வளைவதால் சிலுவை ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது. குழியை ஒட்டிய முனையை நீர் வேகமாகவும், வெளிமுனையை மெதுவாகவும் தள்ளுவதால் அது எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது. தூரம் கூடும் அதே விகிதத்தில் வேகம் குறைந்தால் இரண்டும் சரிக்குச் சரியாக அடிபட்டுப் போகும். மிச்சம் பூஜ்யம். கம்பியின் காந்தப்புலம் அந்த விகிதத்தில்தான் குறைகிறது. மின்னோட்டம் இருக்கும் இடத்தில், அதாவது கம்பிக்குள்ளே மட்டும்தான், கர்ல் உண்டு. மின்புலம் மாறாத இடத்தில் நான்காவது சமன்பாடு இதைத்தான் நேராகச் சொல்லிக்கொண்டிருந்தது: மின்னோட்டம் எங்கேயோ கர்ல் அங்கே. நான்தான் மற்ற இடங்களுக்கும் அதைப் பரப்பியிருந்தேன்.

நாளிதழில் தவறு வந்தால் பழைய செய்தியைக் கிழிக்க முடியாது. மறுநாள் திருத்தம் போடுவோம். நானும் நான்காவது செய்தியைக் கிழிக்காமல் அதன் கீழே ஒட்டினேன். 'திருத்தம்: கம்பியைச் சுற்றியுள்ள இடமெங்கும் கர்ல் உண்டு என்று வெளியான தகவல் தவறு. கம்பிக்கு வெளியே பூஜ்யம்.' வருந்துகிறோம் என்பதைச் சேர்க்கவில்லை. வருந்துவதற்கு நேரமில்லை.

அதோடு விட்டிருக்கலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கம்பிக்கு வெளியே எந்தப் புள்ளியிலும் சுழற்சி இல்லை என்றால், கம்பியைச் சுற்றி ஒரு முழு வட்டம் புலத்தைக் கூட்டிக்கொண்டு வரும்போது மட்டும் விடை ஏன் பூஜ்யமாக வருவதில்லை? இதற்குப் பதில் தீவுக்காரர்களுக்குப் பழக்கமான ஒன்று. வெறுங்கடலில் வட்டமாகப் போட்ட கயிற்றை இழுத்தால் சுருங்கிக் கைக்குள் வந்துவிடும். தீவைச் சுற்றிப் போட்ட கயிறு வராது, தீவு தடுக்கும். கம்பி அந்தத் தீவு. கம்பியைத் தவிர்த்த இடத்தில் ஒரு துளை இருக்கிறது என்பதை, கம்பியைத் தொடாமலே, சுற்றி வந்து கூட்டினாலே தெரிந்துகொள்ளலாம். வடிவங்களின் துளைகளை இப்படி எண்ணுவதற்கென்றே கணிதத்தில் பின்னால் ஒரு பெரிய பிரிவு வளர்ந்தது. இயற்பியலும் இதே சமன்பாடுகளிடம் திரும்பத் திரும்பப் போய்க் கற்றது. ஓடும் கப்பலிலிருந்து பார்த்தாலும் ஜெட்டியிலிருந்து பார்த்தாலும் இவை மாறக்கூடாது என்று பிடிவாதமாக நின்றதில்தான் காலத்தையும் தூரத்தையும் பற்றிய பழைய எண்ணம் மாறியது. ஒரே புலத்தைப் பலவிதமாக எழுதலாம், நடப்பது மாறாது என்ற இவற்றின் தாராளமும், அணுவுக்குள் இருக்கும் விசைகளுக்குச் சமன்பாடு தேடியவர்களுக்கு வழிகாட்டியது. இரண்டு நிருபர்கள் இரண்டு விதமாக எழுதியும் நிகழ்ச்சி ஒன்றாக இருப்பதைப் போல. இவை பாடத்திட்டத்தில் பாதிதான் இருந்தன. மீதியையும் படித்தேன்.

தேர்வு போர்ட் பிளேரில். அன்று ஃபெர்ரியில் நான் புத்தகம் எடுத்துப்போகவில்லை. பக்கத்து இடத்துக்காரி கவனித்தாள்.

"என்னா அக்கா, புத்தகத்தைக் கடல்ல போட்டுட்டீங்களா?"

இன்றைக்குப் பரீட்சை என்றேன். அவள் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தவள், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சாத்தம் வரும்வரை அதை எடுக்காமல் பக்கத்தில் நின்றாள். இறங்கும்போது, "பாஸ் ஆனா ஸ்வீட்டு. இல்லேன்னாலும் ஸ்வீட்டு. ஆனா அது நான் வாங்குவேன்" என்றாள்.

வினாத்தாளில் நேர்க்கம்பி இல்லை. தடித்த குழாய் ஒன்று, உள்ளீடற்றது, அதன் சுவரில் மின்னோட்டம். மூன்று பகுதியிலும் புலத்தையும் கர்லையும் காண்க என்றிருந்தது. பழக்கமில்லாத வடிவம். குழாயின் உள்வெற்றிடத்தில் புலமே இல்லை. சுவருக்குள் கர்ல் வந்தது. வெளியே பூஜ்யம் வந்தது.

கணக்கை மேலிருந்து கீழாக ஒரு முறை சரிபார்த்தேன். பேனா அந்தப் பூஜ்யத்தின்மேல் போய் நின்றது. இரண்டு முறை அடித்த கைக்கு அந்த இடம் நினைவிருந்தது. கையை எடுத்துப் பூஜ்யத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். பிறகு கேட்காததையும் எழுதினேன்: வெளியே கர்ல் பூஜ்யமாக இருந்தும் குழாயைச் சுற்றிய முழு வட்டத்தின் தொகை பூஜ்யமல்ல, ஏனெனில் வட்டத்துக்குள் மின்னோட்டம் இருக்கிறது. அடுத்த கேள்வி ஒளியின் வேகத்தை வருவிப்பது. அதை ஃபெர்ரியில் எத்தனையோ முறை பாதி பாதியாகச் செய்திருக்கிறேன். அன்று ஒரே மூச்சில் முழுதாகச் செய்தேன்.

முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது. மாலை ஃபெர்ரி நடுத்துறைமுகத்தில் இருந்தபோது என் போனில் சிக்னல் இல்லை. பக்கத்து இடத்துக்காரியின் போனில் இருந்தது. என் பதிவெண்ணைச் சொன்னேன். அவள் அடித்தாள். பக்கம் திறக்க நேரமெடுத்தது. பிறகு அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். தேர்ச்சி. மதிப்பெண் பெருமைப்படும் அளவுக்கு இல்லை; தேவைக்கு மேல் இருந்தது.

"நாலும் இன்னைக்கு லீவு இல்ல போல" என்றாள்.

பாம்பூஃப்ளாட் ஜெட்டிக் கடையில் அவளுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கணவர் செய்தியைக் கேட்டதும் முதலில் பின்புறம் போய் டப்பைப் பார்த்தார். மழை தொடங்கியிருந்தது. புதினா புது இடத்தில் சரியாகப் பிடிக்கவில்லை.

"அப்ப இதுல மறுபடி புதினா வெச்சிரலாமா?"

வேண்டாம் என்றேன். டப்பைக் கழுவி, கட்டையை ஓட்டையில் அடித்து, ஈர்க்குச்சிகளையும் தெர்மோகோலையும் உள்ளே போட்டு, ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக் கட்டினேன். திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்பு வேலைக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஃபெர்ரி தேவையில்லை, எங்கள் கரையிலேயே இருக்கிறது.